இருவர் சேர்ந்து சுருட்டைச் சுவைத்து மதிப்பெண் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையால் சுருட்டிய நல்ல சுருட்டை நண்பர்கள் இருவர் உட்கார்ந்து பிடித்து, குறிப்பெழுதி, எண் போடுவதற்கான பக்கம் இது. தனியாகப் பிடிப்பவருக்கு இல்லாத வசதி ஒன்று இருவருக்கு உண்டு. கையில் வந்த ஒற்றைச் சுருட்டில் கோளாறா, அந்த ரகமே அப்படியா என்று அன்றைக்கே ஓரளவு பிரித்துச் சொல்லிவிடலாம். இடைஞ்சலும் ஒன்று உண்டு. ஒருவர் வாய் திறந்து "கோகோ வருது" என்று சொன்ன நிமிடமே மற்றவர் நாக்கிலும் கோகோ வந்துவிடும். கீழே உள்ள பதில்களில் சில இந்த இடைஞ்சலைச் சமாளிப்பதற்காகவே எழுதப்பட்டவை.

பிரீமியம் சுருட்டு என்று எதைச் சொல்கிறீர்கள்?

விலையை வைத்தோ பெட்டியின் பளபளப்பை வைத்தோ சொல்வதில்லை. மூன்று விஷயம் இருக்க வேண்டும்: கையால் சுருட்டியது, உள்ளே இருப்பது நறுக்கிய தூள் இல்லாமல் முழு நீள இலை, வெளியே போர்த்தியிருப்பது காகிதக் கூழ் கலக்காத அசல் இலை. வெளிப்போர்வைக்கு ராப்பர், அதற்குள் இறுக்கிப் பிடிக்கும் இலைக்கு பைண்டர், நடுவில் மடித்து வைத்த இலைகளுக்கு ஃபில்லர் என்று பெயர்.

ஃபில்லரிலும் மூன்று தரம் உண்டு. செடியின் அடிப்பகுதியில் பறிக்கும் வொலாடோ நன்றாக எரியும். நடுவில் பறிக்கும் செக்கோ மணம் தரும். வெயிலை அதிகம் வாங்கும் மேல் இலையான லிஜெரோவில்தான் காட்டம். லிஜெரோ மெதுவாக எரியும் என்பதால் சுருட்டுபவர் அதை நட்டநடுவில் வைப்பார். கொஞ்சம் ஓரமாக விலகிப் போனால் என்ன ஆகும் என்பது பின்னால் வரும்.

ஒரு ரகத்தை மதிப்பிட எத்தனை வாங்க வேண்டும்?

ஆளுக்கு மூன்று, ஆக மொத்தம் ஆறு. ஆறும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவையாக இருக்கட்டும். கைவேலை என்பதால் ஒரு பெட்டிக்குள்ளேயே ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கும். ஒன்றை மட்டும் பிடித்துவிட்டு 91 என்று எழுதினால், அந்த எண் அந்தச் சுருட்டுக்குத்தான், ரகத்துக்கு இல்லை. 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு இருந்தால் ஆறையும் நிறுத்துப் பாருங்கள். மற்றவற்றைவிட 1 கிராமுக்கு மேல் கூடியோ குறைந்தோ நிற்பதை முதல் அமர்வுக்கு எடுக்க வேண்டாம். கனமானது இழுவை (இழுக்கும்போது புகை வரும் ஓட்டம்) அடைத்துக்கொள்ளும், லேசானது சூடாக எரிந்து தீரும். இரண்டுமே ரகத்தைப் பற்றித் தவறான செய்தியைத்தான் சொல்லும்.

எந்த அளவில் வாங்குவது?

ஒப்பிடப் போகும் ரகங்கள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால் போதும். பெரும்பாலானோர் ரொபஸ்டோ எடுப்பார்கள்: சுமார் 5 அங்குல நீளம், 50 ரிங் கேஜ் தடிமன், 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை எரியும். ரிங் கேஜ் என்பது ஓர் அங்குலத்தை 64 பங்காகப் பிரித்த கணக்கு. 50 என்றால் 19.8 மி.மீ., 42 என்றால் 16.7 மி.மீ.

தடிமன் கூடக் கூட ஃபில்லரின் பங்கு ராப்பரின் பங்கைவிட வேகமாக ஏறும். அதனால் ஒரே கலவை 42-இல் ராப்பரின் குணத்தைக் காட்டும், 60-இல் அது ஃபில்லருக்குள் அமுங்கிவிடும். ஒரு ரகத்தின் 60-ஐயும் இன்னொன்றின் 42-ஐயும் பக்கத்தில் வைத்து மதிப்பெண் போட்டால் அது இலையின் ஒப்பீடே இல்லை.

பார்சல் வந்த அன்றே பிடிக்கலாமா?

பிடிக்கலாம், எண் போடக் கூடாது. வழியில் வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டதில் சுருட்டின் வெளிப்புறம் ஓர் ஈரத்திலும் உள்புறம் வேறோர் ஈரத்திலும் இருக்கும். குறைந்தது இரண்டு வாரம் ஒரே இடத்தில் கிடக்கட்டும். ஒப்பிட வேண்டிய எல்லாச் சுருட்டுகளும் ஒரே பெட்டியில் ஒன்றாகக் கிடக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். உங்கள் பங்கு உங்கள் வீட்டில், நண்பர் பங்கு அவர் வீட்டில் என்று பிரித்து வைத்திருந்து, சேர்ந்து பிடிக்கும் நாளில் மதிப்பெண் ஒத்துவரவில்லை என்று வாதாடுவதில் அர்த்தமில்லை.

ஈரப்பதம் 65 முதல் 70%, வெப்பம் 18 முதல் 21 டிகிரி செல்சியஸ். சுவைப்பதற்கு 65-ஐ ஒட்டி வைப்பது நல்லது. 70-க்கு மேல் இழுவை கனக்கும், எரிதல் கோணலாகும். வெப்பம் 24 டிகிரியைத் தாண்டி ஈரமும் கூடினால் புகையிலை வண்டின் முட்டை பொரிக்கும். ராப்பரில் குண்டூசி குத்தியதுபோல ஓட்டை தெரிந்தால் அதுதான். அப்போது எல்லாவற்றையும் காற்றுப் புகாத பையில் போட்டு ஒரு நாள் குளிர்பெட்டியிலும், மூன்று நாள் உறைபெட்டியிலும், மறுபடி ஒரு நாள் குளிர்பெட்டியிலும் வைத்து எடுங்கள். படிப்படியாகக் குளிர வைக்காமல் நேரே உறைபெட்டிக்குக் கொண்டுபோனால் ராப்பர் வெடிக்கும்.

என் ஹைக்ரோமீட்டரை (ஈரப்பதம் காட்டும் கருவியை) நம்பலாமா?

சோதிக்காமல் நம்பக் கூடாது. ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பை நிரப்பி, ஈர மணல் பதம் வரும் அளவுக்குச் சில சொட்டு தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து நீராக ஓடக் கூடாது. அதையும் ஹைக்ரோமீட்டரையும் காற்றுப் புகாத பையில் போட்டு மூடி, ஒரே வெப்பம் உள்ள இடத்தில் 24 மணி நேரம் விடுங்கள். பைக்குள் ஈரப்பதம் 75% இருக்கும், ஏனென்றால் நிறைவடைந்த உப்புக் கரைசலின் இயல்பு அது. கருவி 71 காட்டினால் அது 4 குறைத்துச் சொல்கிறது. திருகு இருந்தால் திருத்துங்கள், இல்லையென்றால் கருவியின் முதுகில் "+4" என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

சுருட்டின் பெயர் அச்சிட்ட காகிதப் பட்டையை மறைத்துப் பிடிக்கத்தான் வேண்டுமா? இருவர் மட்டும் இருக்கும்போது எப்படி மறைப்பது?

வேண்டும். பெயர் தெரிந்த சுருட்டுக்கு நாக்கு சலுகை காட்டும். விலை தெரிந்தால் இன்னும் மோசம். பிடிக்கப் போகிற இருவரே மூன்றாம் ஆளின் உதவி இல்லாமல் ஒருவருக்கொருவர் மறைக்க ஒரு வழி இருக்கிறது.

நான்கு ரகம், ரகத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் தனியறையில் பட்டைகளைக் கழற்றி 1, 2, 3, 4 என்று எண் எழுதிய காகிதப் பட்டை கட்டுகிறார். ஒரே ரகத்தின் இரண்டுக்கும் ஒரே எண். எந்த எண் எந்த ரகம் என்பதை எழுதி, மடித்து, பையில் போட்டுக்கொள்கிறார். பிறகு அவர் வெளியே வர, இரண்டாம் ஆள் உள்ளே போய் எண் பட்டைகளை எடுத்துவிட்டு அ, ஆ, இ, ஈ என்று தன் இஷ்டத்துக்கு மாற்றிக் கட்டுகிறார். எந்த எண் எந்த எழுத்தானது என்ற சீட்டு அவரிடம். இப்போது முதல் ஆளுக்கு எழுத்து தெரியாது, இரண்டாம் ஆளுக்குப் பெயர் தெரியாது. இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்தால்தான் குட்டு உடையும்.

பட்டையைக் கழற்றுவதில்தான் பல சுருட்டுகள் வீணாகின்றன. உருவாதீர்கள். பட்டையின் ஒட்டு விளிம்புக்கு அடியில் மெல்லிய அட்டைத் துண்டைச் செருகி, அட்டையின் மேல் வைத்துச் சிறு கத்தரியால் வெட்டுங்கள். சில பட்டைகளில் பசை ராப்பரையும் சேர்த்துப் பிடித்திருக்கும். அதை இழுக்காமல் விட்டுவிட்டு மேலே அகலமான காகிதத்தைச் சுற்றிவிடலாம். புதுக் காகிதப் பட்டை 1 செ.மீ. அகலம் போதும். பசை காகிதத்தின்மேல் மட்டும் படட்டும், இலையில் படக் கூடாது. வாயில் வைக்கும் முனையிலிருந்து 3 செ.மீ. தள்ளிக் கட்டினால் கடைசி வரை கைக்கு இடைஞ்சல் இல்லை. நெருப்பு அருகே வரும்போது கழற்றிவிடுங்கள்.

பிடிக்கும் முன் வாயை எப்படித் தயார் செய்வது?

வயிறு காலியாக இருக்கக் கூடாது. சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து உட்காருவது சரியான நேரம். பூண்டு, மிளகாய், புதினா, பல் தேய்த்த பசை எதுவும் அதற்குள் வேண்டாம். குடிக்கத் தண்ணீர் அல்லது சோடா மட்டும். காபியும் மதுவும் சுருட்டோடு சேரும்போது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அப்போது நீங்கள் மதிப்பிடுவது அந்தச் சேர்க்கையை. அதற்கு வேறொரு நாள் வையுங்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வந்தால் பக்கத்தில் உட்காருபவரின் மூக்கும் கெடும்.

எவ்வளவு வெட்டுவது?

2 மி.மீ. மட்டும். வாயில் வைக்கும் முனையில் ஒட்டியிருக்கும் சிறு வட்டத் தொப்பி ராப்பரைக் கட்டிப் பிடித்திருக்கிறது. தொப்பி முடியும் கோட்டுக்குக் கீழே வெட்டினால் ராப்பர் பிரிந்து சுருளும், அந்தச் சுருட்டுக்கு அன்று மதிப்பெண் போட முடியாது. இருவரும் ஒரே வெட்டியால், ஒரே மாதிரி வெட்டுங்கள். ஒருவர் நேர் வெட்டு, மற்றவர் துளை வெட்டு என்றால் இழுவை மாறும். துளை வெட்டில் தாரும் ஒரே புள்ளியில் திரளும்.

வெட்டியபின் பற்ற வைக்காமலே நான்கைந்து முறை இழுத்துப் பாருங்கள். அடைப்பு இருந்தால் இப்போதே தெரியும். அப்போது வரும் சுவையையும் எழுதிக்கொள்ளுங்கள். காய்ந்த புல், உலர் பழம், மரப்பெட்டி போன்றவை நெருப்பு பட்டதும் மறையலாம்.

பற்ற வைப்பதில் என்ன பெரிய விஷயம்?

முதல் பத்து நிமிடச் சுவையே இதில்தான் இருக்கிறது. பியூட்டேன் லைட்டர் அல்லது நீளமான மரத் தீக்குச்சி. பெட்ரோல் லைட்டரும் மெழுகுவத்தியும் தங்கள் வாசனையை இலைக்குள் ஏற்றிவிடும். தீக்குச்சி என்றால் மருந்து எரிந்து தீர்ந்தபின் பக்கத்தில் கொண்டுபோங்கள்.

சுருட்டை வாயில் வைக்காமல் சாய்த்துப் பிடித்து, தீ நாக்கு இலையைத் தொடாத தூரத்தில் வைத்துச் சுற்றிச் சுற்றி வாட்டுங்கள். விளிம்பு முழுதும் கறுத்து, நடுவில் மெல்லிய செம்மை தெரியும்வரை 20, 30 நொடி ஆகும். பிறகு வாயில் வைத்துத் தீயைக் கொஞ்சம் தள்ளிக் காட்டியபடி மெதுவாக இழுங்கள். எரியும் முனையைப் பார்த்து ஊதினால் எந்தப் பக்கம் பற்றவில்லை என்று கனல் காட்டிக்கொடுக்கும். டார்ச் லைட்டரின் கூர்மையான தீயை நேரே குத்தி வைப்பவர்களுக்கு முதல் அங்குலம் முழுவதும் கரிதான்.

எத்தனை நொடிக்கு ஓர் இழுப்பு? மூக்கு வழியாக விடச் சொல்கிறார்களே?

நிமிடத்துக்கு ஒன்று. பேச்சு சூடுபிடித்தால் இது கெடும், அதனால் மேசையில் ஒரு கடிகாரம் இருக்கட்டும். வேகமாக இழுத்தால் நெருப்பு சூடேறி, தார் திரண்டு, இல்லாத கசப்பு வரும். ரொம்ப மெதுவாக இழுத்தால் அணையும், அல்லது நடுப்பகுதி மட்டும் எரிந்து குகைபோல் உள்ளே போகும்.

புகையை நுரையீரலுக்குள் இறக்க வேண்டாம். வாயில் இரண்டு மூன்று நொடி உருட்டி, முக்கால் பங்கை வாய் வழியே விட்டுவிட்டு, வாயை மூடி மீதிக் கால் பங்கை மூக்கு வழியே மெல்லத் தள்ளுங்கள். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு, உமாமி ஆகிய சில சுவைகளே. கோகோ, கொட்டை, மரம், மண் என்று நாம் பட்டியல் போடுவதெல்லாம் மூக்கின் வேலை. ஒவ்வொரு இழுப்புக்கும் செய்தால் மூக்கு எரிந்து மரத்துவிடும். சுருட்டின் நீளத்தை மூன்று பங்காக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பங்கிலும் மூன்று முறை செய்தால் போதும்.

காட்டம், கனம், சுவை மூன்றும் ஒன்றுதானே?

இல்லை. குறிப்பேடுகளில் அதிகம் குழப்பப்படுவது இதுதான். காட்டம் என்பது நிகோட்டின் உடம்பில் ஏறும் அளவு, அதைத் தலையும் வயிறும் சொல்லும். கனம் என்பது வாயில் புகை எவ்வளவு தடிப்பாக, பாலாடைபோல் உட்காருகிறது என்பது. சுவை என்பது எத்தனை மணங்கள், எவ்வளவு தெளிவாக. காட்டம் மிகுந்து சுவை ஒன்றுமே இல்லாத சுருட்டுகள் உண்டு. காட்டம் குறைந்து பத்து மணம் காட்டுவதும் உண்டு. காட்டத்துக்கும் கனத்துக்கும் மதிப்பெண் கிடையாது. 1 முதல் 5 வரை ஓர் அளவாக மட்டும் எழுதி வையுங்கள்.

சுவையை எழுத எனக்கு வார்த்தை வருவதில்லை. என்ன செய்வது?

ஆங்கில விமரிசனங்களை மொழிபெயர்க்கப் போவதால்தான் வருவதில்லை. அறுசுவை என்று பழகிய நாக்குக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: கசப்பு வேறு, துவர்ப்பு வேறு, கார்ப்பு வேறு என்று நமக்குத் தனித்தனிச் சொல் இருக்கிறது. சுருட்டில் இந்த மூன்றும் மூன்று வேறு காரணங்களால் வருகின்றன.

கசப்பு நாக்கின் பின்பக்கம் தங்கி, விழுங்கினாலும் போகாது. பெரும்பாலும் அதிகச் சூடு அல்லது தார். இழுப்பைக் குறைத்தால் ஐந்து நிமிடத்தில் தணிந்தால் தவறு உங்களுடையது, தணியாவிட்டால் சுருட்டினுடையது. துவர்ப்பு கன்னத்தின் உள்புறத்தை இறுக்கி வாயை வறட்டும். அது வயது போதாத இலையின் அடையாளம். கூடவே மூக்கில் அமோனியா நெடி இருந்தால் சந்தேகமே வேண்டாம். இலையை அடுக்கிப் புளிக்க வைக்கும்போது போக வேண்டிய அமோனியா முழுதும் போகவில்லை. மீதியை ஆறு மாதம் வைத்துவிட்டுப் பிறகு பாருங்கள். கார்ப்பு மிளகுபோல் நுனிநாக்கிலும் மூக்கிலும் சுள்ளென்று வந்து போகும். இது குறையே இல்லை, பலர் இதைத் தேடியே பிடிக்கிறார்கள்.

இந்த மூன்றையும் பிரித்த பிறகு மணங்களுக்கு வாருங்கள். முதலில் குடும்பத்தைப் பிடியுங்கள்: மண்ணா, மரமா, கொட்டையா, மசாலாவா, இனிப்பா, வறுத்ததா. அதற்குப்பின் உறவினரைத் தேடலாம். மரம் என்றால் புது மரப்பலகையா, ஈர மரமா. வறுத்தது என்றால் காபியா, ரொட்டி விளிம்பா. "ஏதோ ஒரு பழைய தோல் பெல்ட்" என்று எழுதினாலும் சரி, அடுத்த முறை அதே வாசனை வரும்போது அடையாளம் தெரிந்தால் அது நல்ல குறிப்பு.

மதிப்பெண் தாள் எப்படி இருக்க வேண்டும்?

100-க்கு இப்படிப் பிரிக்கலாம். தோற்றமும் கட்டும் 10. இழுவை 15. எரிதல் 15. சுவை 40, அதில் முதல் பங்குக்கு 12, நடுவுக்கும் கடைசிக்கும் 14 வீதம். பின்சுவை 10. மொத்தச் சமநிலை 10.

தோற்றத்துக்கு வெறும் 10 என்பது வேண்டுமென்றேதான். நரம்பு தடித்த, மேடுபள்ளமான ராப்பர் அழகாக இருக்காது, புகைக்கு அதனால் பெரிய கேடும் இல்லை. விரலால் மெல்ல அழுத்தும்போது மெத்தென்று குழியும் இடமோ, கல்போல் கட்டியோ இருந்தால்தான் இங்கே குறையுங்கள். எரிதலில் ஒவ்வொரு முறை தீ காட்டித் திருத்தினாலும் 1, தானாக அணைந்தால் 2 கழியுங்கள். பேசிக்கொண்டிருந்து நீங்களே அணையவிட்டால் கழிக்க வேண்டாம், நேர்மையாக இருந்தால் போதும்.

சுவைக்கான 40-இல் ஆரம்பப் புள்ளியை இருவரும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ளுங்கள். குறையும் இல்லை, பெயர் சொல்லும்படி மணமும் இல்லை என்றால் 28. தெளிவான இரண்டு மூன்று மணம் இருந்தால் 32. ஒவ்வொரு பங்கிலும் மாறி, மாறியதும் நன்றாக இருந்தால் 36. அதற்கு மேல் கொடுக்கும்போது காரணத்தை ஒரு வரியாவது எழுத வேண்டும்.

கூட்டித் தொகை வந்தபின் ஒரு கேள்வி: 90-க்கு மேல் என்றால் பெட்டியாக வாங்குவீர்களா? 85 முதல் 89 என்றால் ஐந்து சுருட்டாவது வாங்குவீர்களா? 80-களின் தொடக்கம் என்றால் யாராவது நீட்டினால் மட்டும் பிடிப்பீர்களா? பதில் எண்ணோடு ஒத்துவராவிட்டால் தாளில் எங்கோ மரியாதைக்காக எண் போட்டிருக்கிறீர்கள்.

எங்கள் இருவர் மதிப்பெண்ணும் ஒத்தே வருவதில்லை. யார் சொல்வது சரி?

மொத்தத்தைப் பார்க்காமல் வரிவரியாகப் பாருங்கள். ஒருவர் தாள்: தோற்றம் 9, இழுவை 14, எரிதல் 13, சுவை 35, பின்சுவை 8, சமநிலை 8, மொத்தம் 87. மற்றவர் தாள்: 9, 8, 12, 34, 8, 8, மொத்தம் 79. எட்டு மதிப்பெண் வித்தியாசம் பெரிய சண்டைபோல் தெரிகிறது. ஆனால் அதில் ஆறு இழுவையில் மட்டும். சுவையில் ஒன்றுதான். இங்கே நாக்குகள் ஒத்துப்போகின்றன, சுருட்டுகள்தான் ஒத்துப்போகவில்லை. இரண்டாமவருக்கு வந்தது அடைத்த சுருட்டு. இன்னொன்றை எடுத்துப் பிடித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வித்தியாசம் சுவை வரியில் இருந்தால் அப்போதுதான் பேச்சுக்கு விஷயம் இருக்கிறது. அதுவும் இருவரும் எழுதி முடித்துத் தாளைக் கவிழ்த்து வைத்தபின். பிடிக்கும்போது வாய் திறக்கக் கூடாதா என்றால், எதை வேண்டுமானாலும் பேசுங்கள், கையில் இருக்கும் சுருட்டை மட்டும் விட்டுவிடுங்கள். "ம்ம்" என்று புருவம் தூக்குவதும் பேச்சுதான்.

ஒருவர் எப்போதும் நான்கைந்து குறைத்தே போடுகிறார் என்றால் அது குறையில்லை, அவர் கை அப்படி. எண்ணை விட்டுவிட்டு வரிசையை ஒப்பிடுங்கள்: இருவரும் இ-யை முதலிலும் ஆ-வைக் கடைசியிலும் வைத்தார்களா? இன்னொரு சோதனையும் உண்டு. எப்போதோ ஒருமுறை, ஏற்கெனவே மதிப்பிட்ட ரகத்தையே வேறு எழுத்தில் மறைத்து உள்ளே நுழைத்துவிடுங்கள். ஒரே ரகத்துக்கு ஒரே ஆள் முன்பு 88-ம் இப்போது 84-ம் போட்டால், அவருடைய தாளில் 4-க்குக் குறைவான வித்தியாசம் எதற்கும் பொருளில்லை.

ஒரு பக்கம் வேகமாக எரிந்து ஓடுகிறது. அணைகிறது. வெடிக்கிறது. என்ன காரணம்?

ஒரு பக்கம் மட்டும் பள்ளமாக எரிந்தால் முதலில் காற்றைப் பாருங்கள். மின்விசிறியும் ஜன்னலும்தான் பெரும்பாலான குற்றவாளிகள். அது இல்லையென்றால் சீராகப் பற்றவில்லை. அதுவும் இல்லையென்றால் மெதுவாக எரியும் லிஜெரோ நடுவிலிருந்து ஓரத்துக்கு விலகியிருக்கிறது, அந்தப் பக்கம் பின்தங்கும். அரை செ.மீ. வரை கோணலைத் தானாகச் சரியாக விடுங்கள். அதற்கு மேல் போனால் பின்தங்கிய விளிம்பை மட்டும் தீயால் தடவுங்கள்.

இழுவை அடைத்தால் இன்னொரு மி.மீ. வெட்டிப் பாருங்கள், கட்டியான இடத்தை விரல்களுக்கிடையே மெல்ல உருட்டுங்கள், கடைசியில் நீளமான இழுவை ஊசி. இவற்றால் சரியானாலும் இழுவை வரியில் 8-க்கு மேல் கொடுக்காதீர்கள். ஆறும் அடைத்தால் ஈரம் அதிகம் என்று சந்தேகித்து, மீதியை 62 முதல் 65%-இல் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள்.

ராப்பர் வெடிப்பது உள்ளே ஈரமும் வெளியே வறட்சியும் இருக்கும்போது. நெருப்பு பக்கத்து வெடிப்பு எரிந்து போய்விடும், வாய்ப்பக்க வெடிப்பு விரியும். உதட்டில் பழுப்பு நிறக் கசப்பு நீர் பட்டால் துடைத்துவிட்டு 1 மி.மீ. வெட்டுங்கள்.

அணைந்தால் சாம்பலைத் தட்டி, சுருட்டின் வழியே வெளிப்பக்கமாக ஒருமுறை ஊதி உள்ளே தேங்கிய பழைய புகையை விரட்டி, மறுபடி வாட்டிப் பற்ற வையுங்கள். ஊதாமல் பற்ற வைத்தால் முதல் இழுப்பே கரிச்சட்டி. ஒரு மணி நேரம் அணைந்து கிடந்ததை மதிப்பிட வேண்டாம்.

சாம்பல் வெள்ளையாக இருந்தால் நல்ல சுருட்டா?

மண்ணிலும் இலையிலும் உள்ள தாதுக்களைப் பொறுத்த நிறம் அது. மதிப்பெண் கிடையாது. சாம்பல் 2 செ.மீ. நின்றால் தட்டிவிடுங்கள். எவ்வளவு நீளம் நிற்கிறது என்ற போட்டி சட்டைக்கு ஆகாது.

கறுத்த சுருட்டுதான் காட்டமானதா?

பரவலான தவறான எண்ணம். காட்டம் பெரும்பாலும் ஃபில்லரிலிருந்து வருகிறது. மதுரோ ராப்பரின் கறுப்பு நீண்ட நாள் அதிகச் சூட்டில் புளிக்க வைத்ததால் வந்தது, அது சுவையை இனிப்புப் பக்கம் தள்ளும். துணிப்பந்தலின் நிழலில் வளர்த்த வெளிர்நிற கனெக்டிகட் ராப்பருக்குள் காட்டமான ஃபில்லரை வைத்தும் சுருட்டுகிறார்கள். இருண்டது கடைசியில் என்று வரிசை வைத்தால் ஏமாறுவீர்கள். லேசானதிலிருந்து கனமானதுக்குப் போக வேண்டும் என்பது சரி, ஆனால் அதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

எந்த நாட்டு இலை என்று சுவையில் கண்டுபிடிக்க முடியுமா?

நிகராகுவாவின் எஸ்தெலி பகுதி இலையின் மிளகுக் காரத்தை ஓரளவு அடையாளம் காணலாம். மற்றபடி கஷ்டம்தான். கியூபாவின் சுருட்டு முழுக்க அந்நாட்டு இலையால் ஆனது, மற்ற இடங்களில் ஒரே சுருட்டுக்குள் ஈக்வடார் ராப்பரும் நிகராகுவா, டொமினிகன் ஃபில்லரும் சேர்ந்திருப்பது சகஜம். பெயரும் குழப்பும். கோஹிபா என்ற பெயரில் கியூபாவில் ஒன்றும் டொமினிகன் குடியரசில் வேறொரு நிறுவனத்தின் சுருட்டும் வருகின்றன, இரண்டுக்கும் பெயரைத் தவிர உறவில்லை. குறிப்பேட்டில் நாட்டையும் சேர்த்து எழுதுங்கள்.

தலை சுற்றுகிறது, வியர்க்கிறது. என்ன செய்வது?

நிகோட்டின் ஏறிவிட்டது. சுருட்டைக் கீழே வையுங்கள், உட்காருங்கள், தண்ணீரும் கொஞ்சம் இனிப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அரை மணியில் தணியும். வாந்தி நிற்காவிட்டாலோ நெஞ்சு படபடப்பு அடங்காவிட்டாலோ மருத்துவரிடம் போக வேண்டும். அன்றைய தாள் செல்லாது.

உள்ளே இழுக்கவில்லையே, எப்படி ஏறியது என்று கேட்பார்கள். சுருட்டுப் புகை சிகரெட் புகையைவிடக் காரத்தன்மை உடையது, அதிலுள்ள நிகோட்டினை வாயின் உள்தோலே உறிஞ்சிவிடும். இதே காரணத்தால் "உள்ளே இழுக்காவிட்டால் ஆபத்தில்லை" என்பதும் பொய். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்குச் சுருட்டும் காரணம், பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. சுவை நோக்கம் என்றால் ஓர் அமர்வுக்கு ஒன்றே போதும், இரண்டாவதுக்கு நாக்கும் பாதி மரத்திருக்கும். அதனால் மேலே சொன்ன நான்கு ரகச் சோதனையை நான்கு தனி நாளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். புகைக்காதவர்களும் குழந்தைகளும் இருக்கும் அறையில் வேண்டாம். மிச்சத் துண்டு குழந்தைக்கும் நாய்க்கும் விஷம், மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

ராப்பரில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பழமையின் அடையாளமா?

பூஞ்சை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி புள்ளியாக, பஞ்சுபோல், பச்சை அல்லது நீலச் சாயலோடு இருந்தால் நிச்சயம் அதுதான். எரியும் முனைக்குள்ளும் போயிருந்தால் தூக்கிப் போடுங்கள், பெட்டியின் ஈரப்பதத்தையும் சரிபாருங்கள்.

கடைசி எண்ணை எப்படி எழுதுவது?

மூன்று அமர்வு முடிந்தால் கையில் ஆறு எண்கள் இருக்கும். சராசரி போட்டால் ஓர் அடைத்த சுருட்டு மொத்தத்தையும் இழுத்துவிடும். ஆறையும் ஏறுவரிசையில் எழுதி நடுவிலுள்ள இரண்டின் சராசரியை எடுங்கள். 79, 85, 86, 87, 87, 89 என்றால் 86.5. பக்கத்திலேயே "79 முதல் 89 வரை" என்றும் எழுதுங்கள், அந்த இடைவெளி அந்தத் தொழிற்சாலையின் கைவேலையைப் பற்றிச் சொல்லும். பெட்டியின் அடியில் தேதி முத்திரை இருந்தால் அதையும், பிடித்த தேதியையும், அன்றைய ஈரப்பதத்தையும் குறித்துவிட்டுப் பிறகு இரண்டு சீட்டையும் பிரியுங்கள்.